தொழிற்பெருவழியும் சுவாகிலி மொழியும்

மாலை வேளையில் திருப்பெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோவில் நெடுஞ்சாலையில், ஒரகடம் கூட்டுச்சாலை அருகே சற்று நேரம் நின்று நோக்குவோர் இருவேறு காட்சிகளைக் காணலாம். சாலையோர உணவகங்கள், தங்கும் விடுதிகள் சிலவற்றின் பெயர்ப்பலகைகளில் கொரிய எழுத்தும் சப்பானிய எழுத்தும் ஒளிவிடும். அவற்றைக் கடந்து, புத்தம் புதிய வாகனங்களை அடுக்கிச் சுமந்த டிரெய்லர் லாரிகள் துறைமுகம் நோக்கி ஊர்ந்து செல்லும். பலகையில் உள்ள எழுத்து இங்கே முதலீடு செய்ய வந்தோருடையது. லாரியில் ஏறிச் செல்லும் பொருளோ எங்கோ விலை கொடுத்து வாங்குவோருக்கு உரியது. அவ்வாறு வாங்குவோருள் ஆப்பிரிக்கரும் உளர். அவர்தம் மொழியில் ஒரு பலகையையேனும் அச்சாலையில் நாம் கண்டதில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் 1998ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010ஆம் ஆண்டும், டெய்ம்லர் சரக்குந்துத் தொழிற்சாலை 2012ஆம் ஆண்டும் திறக்கப்பெற்றன. பின்னதிலிருந்து ஃபூசோ என்னும் பெயர் தாங்கிய சரக்குந்துகள் 2013 முதல் கடல் கடந்து சென்றன. தொடக்கத்திலேயே அவற்றைப் பெற்ற நாடுகளுள் கென்யாவும் ஒன்று. கென்யா, தன்சானியா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் வண்டி ஓட்டுகின்றனர். எனவே நம் ஊர் ஓட்டுநர் அமரும் பக்கத்திலேயே அவ்வூர் ஓட்டுநரும் அமர்கின்றார். வண்டியளவில் இத்துணை ஒற்றுமை இருக்க, மொழியளவில் நாம் அவர்களை எட்டிப் பார்த்ததும் இல்லை.

கொரிய மொழி கற்க விரும்பும் மாணவருக்குச் சென்னையில் 2006 முதல் இன்கோ மையம் உண்டு. சப்பானிய மொழி கற்பிக்க ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் உண்டு. நம் மாணவர் பலர் அங்கெல்லாம் சென்று பயின்று, தேர்வெழுதி, பணி வாய்ப்பும் பெற்றுள்ளனர். அது நன்றே. ஆனால் முதல் போடுபவரின் மொழியைத் தேடிச் சென்று கற்கும் நாம், பொருள் வாங்குபவரின் மொழியைக் கற்க வேண்டும் என்று எண்ணியும் பார்க்கவில்லையே! பழைய வணிகர் நம்மினும் விழிப்பானவர்கள். எந்தத் துறைமுகத்தில் சரக்கை இறக்கினார்களோ அந்தத் துறைமுகத்தின் பேச்சைக் காதில் வாங்காமல் அவர்கள் திரும்பியதில்லை.

இக்கட்டுரை எழுத நம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. அந்தத் தொழிற்பகுதியில் ஏற்றுமதிப் பிரிவொன்றில் பணியாற்றும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் துறைக்கு வந்திருந்தார். மொம்பாசாத் துறைமுகத்திலுள்ள முகவர் ஒருவருடன் அவர் அடிக்கடி தொலைபேசியில் பேச வேண்டியிருந்ததாம். ஆர்வத்தால் கைப்பேசியின் துணைகொண்டு ஒன்று முதல் பத்து வரை சுவாகிலி எண்களையும் சில வணக்கச் சொற்களையும் தாமே கற்றுக்கொண்டார். முகவர் மகிழ்ந்து, ஒருநாள் சுவாகிலியிலேயே, “நாளை ஸா தாது, நேரில் பேசுவோம்” என்றார். ‘ஸா’ என்றால் மணி. ‘தாது’ என்றால் மூன்று. நம் மாணவர் கென்ய நேரப்படி பிற்பகல் மூன்று மணிக்கு, அதாவது நம் கணக்கில் மாலை ஐந்தரைக்கு, தாள்களுடன் காத்திருந்தார். முகவரோ காலை ஒன்பது மணிக்கே காத்திருந்து, பதில் இல்லாமையால் எழுந்து போய்விட்டார். அன்று அனுப்ப வேண்டிய ஆவணம் அனுப்பப்படவில்லை. சரக்கு துறைமுகத்தில் தங்கிற்று. மேலாளரிடம் நம் மாணவர் பெற்ற வசவு எழுத்தில் வடிக்கத் தக்கதன்று.

“மூன்று என்றுதானே ஐயா சொன்னார்? எனக்கு எண் தெரியும். எங்கே பிழை?” என்று அவர் கேட்டார்.

அவர் எண்ணில் பிழை இல்லை. அவர் கற்ற முறையில்தான் பிழை இருந்தது. சுவாகிலி பேசுவோரின் நாள் கதிரவன் எழும்போது தொடங்குகின்றது. காலை ஏழு மணி அவர்களுக்கு ‘ஸா மோஜா’, அதாவது மணி ஒன்று. எட்டு மணி ‘ஸா ம்பிலி’, மணி இரண்டு. ஒன்பது மணி ‘ஸா தாது’, மணி மூன்று. நண்பகல் மணி ஆறு. மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு நிறைவுற்று, இரவுக்குரிய எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நிலம் ஆதலின் அங்கே ஆண்டு முழுவதும் கதிரவன் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் மறைகின்றான்; எனவே இக்கணக்கு அவர்களுக்கு என்றும் வழுவுவதில்லை. இதனை எளிதில் நினைவிற்கொள்ள ஒரு வழி உண்டு. கடிகார முகத்தில் அவர்கள் சொல்லும் எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் பார்த்தால் நம் மணி கிடைத்துவிடும். மூன்றுக்கு எதிரே ஒன்பது. இரண்டுக்கு எதிரே எட்டு.

இதனைக் கேட்டு வியக்கும் நம்மவர், தம் வீட்டுப் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்ப்பாராக. நம் நாழிகைக் கணக்கும் கதிரவன் எழுச்சியிலிருந்தே தொடங்குகின்றது. நாளொன்றுக்கு 60 நாழிகை, நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ‘உதயாதி நாழிகை’ என்று சோதிடர் எழுதுவது அதனையே. தமிழ் முசுலிம் இல்லங்களிலோ வியாழன் மாலை இருட்டியதும் ‘வெள்ளிக்கிழமை இராவு’ பிறந்துவிடும். இவ்விரு வழக்கங்களும் ஆங்கில நள்ளிரவுக் கணக்கோடு பொருந்துவதில்லை. எனினும் நாம் அவற்றோடு தடுமாறாமல் வாழ்ந்து வருகின்றோம். ஆகவே சுவாகிலிக் கடிகாரம் நமக்கு அயலானதன்று. சொல்லித் தர ஆளில்லை என்பதே குறை.

கிழமைப் பெயர்களிலும் இத்தகையதொரு கண்ணி உண்டு. சுவாகிலி வாரம் சனிக்கிழமையில் தொடங்குகின்றது. ‘ஜுமாமோசி’ என்றால் முதல் நாள், சனி. ‘ஜுமாபிலி’ இரண்டாம் நாள், ஞாயிறு. ‘ஜுமாதாது’ மூன்றாம் நாள், அது திங்கள். ‘ஜுமான்னே’ செவ்வாய். ‘ஜுமாதானோ’ ஐந்தாம் நாள், புதன். அடுத்து வரும் வியாழனுக்கு ‘அல்ஹமிசி’ என்று பெயர். அரபு மொழியில் அதற்கும் ஐந்தாம் நாள் என்பதே பொருள்! வெள்ளி ‘இஜுமா’. ஒரே வாரத்தில் இரண்டு ‘ஐந்துகள்’ அடுத்தடுத்து நிற்கின்றன. பாந்து மொழிக்குடும்பத்து எண்ணும் அரபு எண்ணும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே வரிசையில் அமர்ந்துள்ள இக்காட்சி, அந்தக் கடற்கரையின் வரலாற்றை ஏழு சொற்களில் சொல்லிவிடுகின்றது.

‘சுவாகிலி’ என்னும் பெயரே ‘சவாஹில்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. அதற்குக் கடற்கரைகள் என்பது பொருள். மொழியின் உடல் ஆப்பிரிக்கப் பாந்துக் குடும்பத்தைச் சார்ந்தது. அணிகலன்களுள் பல அரபு நாட்டுச் சரக்கு. தன்சானியாவின் தேசிய மொழியாகவும், 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி கென்யாவின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் விளங்கும் இம்மொழியைப் பேசுவோர் தொகை 20 கோடிக்கு மேல் என்று யுனெசுகோ மதிப்பிடுகின்றது. அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டு, சூலை 7ஆம் நாளை உலகச் சுவாகிலி மொழி நாளாக அறிவித்தது. 1954ஆம் ஆண்டு அந்நாளில்தான் சூலியசு நைரேரே தலைமையிலான தான்கன்யிகா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம் தன் விடுதலைப் போராட்டத்தின் மொழியாகச் சுவாகிலியை ஏற்றது. நைரேரேயை அந்நாட்டு மக்கள் ‘ம்வாலிமு’ என்று அழைத்தனர். அச்சொல் வேறன்று, நம் மதரசாக்களில் வழங்கும் ‘முஅல்லிம்’ என்பதே, ஆசிரியர் என்பது பொருள். அவர் ஆட்சிக் கட்டிலில் இருந்துகொண்டே சேக்சுபியரின் ‘சூலியசு சீசர்’ நாடகத்தைச் சுவாகிலியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டார் என்பதைத் தமிழ்த்துறை மாணவர் அறிதல் நன்று.

இனி, இம்மொழியைத் தமிழருக்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பதை நோக்குவோம். ஆங்கிலேயருக்கென எழுதப்பெற்ற பாடநூலை அப்படியே நம் மாணவர் கையில் கொடுப்பது பொருந்தாது. ஆங்கிலேயர் இடர்ப்படும் இடங்களில் நாம் இடர்ப்படுவதில்லை. நாம் இடர்ப்படும் இடங்களை அவர்கள் அறியார்.

பகுபத உறுப்பிலக்கணம் கற்ற மாணவருக்குச் சுவாகிலி வினைமுற்று விருந்து. ‘படிக்கிறேன்’ என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரிக்கின்றோம். சுவாகிலியில் ‘நினசோமா’ என்றால் படிக்கிறேன். ‘நி’ என்பது தன்மை ஒருமை, ‘ன’ நிகழ்காலம், ‘சோமா’ படி என்னும் பகுதி. ‘நிலிசோமா’ படித்தேன், ‘நிதசோமா’ படிப்பேன். தமிழ் வினையைக் கண்ணாடியில் காட்டியது போல, நம் விகுதி அங்கே முதலில் நிற்க, இடைநிலை இடையிலேயே நிற்க, பகுதி இறுதிக்குச் செல்கின்றது. நன்னூல் வகுப்பில் இதனைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினோம்; பகுபதம் என்றாலே முகம் சுளிக்கும் மாணவர்களும் தாமாகவே அடுத்த சொல்லைப் பிரிக்க முற்பட்டனர்.

பெயர்ச்சொற்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து நிற்பது இன்னும் சுவையானது. ‘ம்து’ ஓர் ஆள், ‘வாது’ ஆட்கள். ‘கிது’ ஒரு பொருள், ‘விது’ பொருள்கள். பெயருக்கு என்ன முன்னொட்டோ அதுவே அடைமொழிக்கும் வினைக்கும் வரும். ‘நல்ல நூல் விழுந்துவிட்டது’ என்பது ‘கிதாபு கிஸூரி கிமெஅங்கூகா’. ‘நல்ல நூல்கள் விழுந்துவிட்டன’ என்பது ‘விதாபு விஸூரி விமெஅங்கூகா’. நம் புலவர் முயன்று அமைக்கும் மோனை அங்கே இலக்கணத்தின் கட்டாயமாகவே வந்து அமைகின்றது. மேலும் நோக்குக: ‘கிதாபு’ அரபுச் சொல், அதில் வரும் ‘கி’ முன்னொட்டன்று, வேர்ச்சொல்லின் உறுப்பு. சுவாகிலி மக்கள் அதனைத் தம் மொழியின் ‘கி’ என்றே கொண்டு, பன்மைக்கு ‘விதாபு’ என்று ஆக்கிவிட்டனர். விருந்தாளியாக வந்த சொல்லுக்கு வீட்டு உடை அணிவித்த கதை இது.

திணைப் பாகுபாட்டில் நம்மோடு அவர்கள் ஓரிடத்தில் வேறுபடுகின்றனர். நமக்கு ஆவும் எருமையும் அஃறிணை. அவர்களுக்கோ உயிருள்ளவை யாவும், விலங்காயினும், ‘ம்து – வாது’ வகுப்பினைப் போன்றே வினை கொள்ளும். ஆண், பெண் வேறுபாடோ வினையிலும் சுட்டிலும் இல்லை. ‘யேயே’ என்பது அவனும் ஆகும், அவளும் ஆகும். மரியாதைப் பன்மை எங்கே என்று நம் மாணவர் தேடுவர். அது சுட்டுப்பெயரில் இல்லை, வணக்கத்தில் இருக்கின்றது. இளையவர் மூத்தவரைக் கண்டால் ‘ஷிகமூ’ என்று சொல்ல வேண்டும். மூத்தவர் ‘மரஹபா’ என்று விடையிறுப்பார். பாட்டனார் வயதுள்ளவரிடம் ‘ஜம்போ’ என்று மட்டும் சொல்லி நகரும் அயலாரை அவர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார்கள், உள்ளத்தில் குறித்துக்கொள்வர்.

சொற்களைப் பொறுத்தவரை, நம் கல்லூரி மாணவர் பலர் பாதி வழியைக் கடந்தே தொடங்குகின்றனர். கபர் அங்கே ‘ஹபாரி’, வக்து ‘வகாதி’, துனியா ‘துனியா’வே, தர்சு ‘தராசா’, அதாவது வகுப்பு, கலம் ‘கலாமு’, எழுதுகோல். இந்தியாவிலிருந்து சென்ற சொற்களும் குறைவல்ல. பணம் ‘பெசா’, நூறாயிரம் ‘லாகி’, காப்பீடு ‘பீமா’, சப்பாத்தி அங்கும் சப்பாத்தியே. ஒரகடத்தில் பணிபுரிவோர் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய சொல் ஒன்று உண்டு. வாகனத்துக்குச் சுவாகிலியில் ‘காரி’ என்று பெயர். இந்தியில் வழங்கும் காடி என்பதன் வழிவந்தது அது. தொடர்வண்டிக்கோ ‘காரி லா மோஷி’ என்று பெயரிட்டுள்ளனர். ‘மோஷி’ என்றால் புகை. புகைவண்டி என்று நம் முன்னோர் பெயரிட்டது போலவே அவர்களும் பெயரிட்டிருக்கின்றனர். யாரும் யாரையும் கேட்டுச் செய்ததன்று.

பழமொழிகள் வாயிலாகவும் கற்பிக்கலாம். ‘ஹராகா ஹராகா ஹைனா பராகா’ என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. விரைவுக்கு விரைவு சேர்த்தால் பரக்கத்து இல்லை என்பது பொருள். பதறாத காரியம் சிதறாது என்கின்றோம் நாம். விருந்தினரை இரண்டு நாள் விருந்தினராக நடத்து, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது இன்னொரு பழமொழி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதோடு நம்மவர் நிறுத்திக்கொண்டனர். மண்வெட்டி வரை செல்லவில்லை.

இனி, நாம் இடர்ப்படும் இடம் எது? எழுத்து. தமிழ் எழுத்தில் சுவாகிலியை எழுதிக்கொண்டு கற்கும் மாணவர் விரைவில் பள்ளத்தில் விழுவர். ஒலிப்புடைய ஒலிக்கும் ஒலிப்பிலா ஒலிக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. சுவாகிலியில் தந்தையைக் குறிக்கும் சொல்லையும் சுறா மீனைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பாபா’ என்றே அமையும். தந்தையின் நலம் கேட்க எண்ணிச் சுறாவின் நலம் கேட்டுவிடலாம். மெய்யெழுத்தில் தொடங்கும் சொற்களும் நமக்குத் தொல்லை தருவன. ‘ம்து’ என்பதற்கு முன் நம் நா தானாகவே ஓர் இகரத்தையோ உகரத்தையோ சேர்த்துக்கொள்ளும். தொல்காப்பியர் மொழிமுதலில் நில்லா என விலக்கிய எழுத்துகள் அங்கே வாயிலிலேயே வரவேற்கின்றன. ஆயினும் ஈடாக ஒன்று கிடைக்கின்றது: மாட்டைக் குறிக்கும் ‘ஙோம்பே’, வீட்டைக் குறிக்கும் ‘ஞும்பா’ என்பனவற்றைச் சொல்ல ஆங்கிலேயர் பலநாள் பயில வேண்டும். ஙகரமும் ஞகரமும் நாம் அரிச்சுவடியிலேயே கற்றவை.

இவ்விடத்தில் நம் முன்னோர் செய்த ஒரு பெருஞ்செயலை நினைவுகூர வேண்டியுள்ளது. தமிழை அரபு எழுத்தில் எழுத முற்பட்டபோது காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இதே சிக்கலைத் தலைகீழாகச் சந்தித்தனர். அரபு எழுத்தில் பகரம் இல்லை. எகர ஒகரக் குறிகள் இல்லை. ழகர ளகர ணகரங்களுக்கு இடமே இல்லை. அவர்கள் இருக்கும் எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய வடிவங்களைப் படைத்தனர். அதுவே அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) முதலிய பெரியோர் அதில் எழுதிக் குவித்தனர். தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல் இத்துறையில் உழைப்போர் யாவருக்கும் கைவிளக்கு.

இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் சுவாகிலிப் புலவரும் இதனையே செய்தனர். உரோமன் எழுத்து குடியேற்ற ஆட்சியோடு வந்து நிலைபெறும் வரை அவர்தம் மொழி பல நூற்றாண்டுகள் அரபு எழுத்திலேயே எழுதப்பெற்றது. அவர்களுக்கும் பகரம் இல்லாக் குறை. எகர ஒகரம் இல்லாக் குறை. தபூக் படையெடுப்பைப் பாடும் ‘உதெண்டி வா தம்பூகா’ என்னும் நெடும்பாட்டு 1728ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிடைத்துள்ள சுவாகிலி இலக்கியங்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்று. நம்மிடமோ படைப்போர் என்றே ஓர் இலக்கிய வகை உண்டு. ஒரே கடல், இரு கரைகள், ஒரே எழுத்துச் சிக்கல், ஏறத்தாழ ஒரே தீர்வு, ஒத்த பாடுபொருள். இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆயும் ஓர் ஆய்வேட்டினைத் தமிழ்த்துறை மாணவர் எவரேனும் எழுத முன்வருவாராயின், அதைவிட மகிழ்ச்சி நமக்கு வேறில்லை. அரபுத்தமிழ் ஏட்டைப் படிக்கத் தெரிந்த மாணவருக்குப் பழைய சுவாகிலி ஏட்டின் எழுத்துகளும் பெரும்பாலும் வாயில் வரும். பொருள்தான் தெரிய வேண்டும்.

ஆப்பிரிக்க மொழிகளை அந்நிலத்துக்கு வெளியே கற்பிக்கும் முயற்சி புதியதன்று. பெர்லின் நகரில் 1887ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கீழைமொழிப் பயிலகத்தில் சுவாகிலி கற்பிக்கப்பட்டது; கற்றோர், கிழக்காப்பிரிக்காவை ஆளச் சென்ற அலுவலர். ஆள்வதற்காகக் கற்ற மொழியில் ஏவல் வினையே மிகுதியாக இருக்கும்; கொண்டு வா, எடு, போ என்பவற்றுக்கு மேல் அது வளராது. பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ‘ஷூலே’ என்னும் செருமானியச் சொல்லைச் சுவாகிலியில் விட்டுவிட்டு அவர்கள் போயினர். பிறகு 1966ஆம் ஆண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே குவான்ஸா என்னும் விழா தோன்றிற்று. முதற்கனிகள் என்று பொருள்படும் சுவாகிலித் தொடரிலிருந்து பெயர் பெற்றது அது. அம்மக்களின் முன்னோர் பெரும்பாலும் மேற்காப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோர். கிழக்குக் கரையின் சுவாகிலி அவர்களுடைய பாட்டன் மொழி அன்று. ஆயினும், பிடுங்கப்பட்ட மொழிக்கு ஈடாக ஓர் ஆப்பிரிக்க மொழியைத் தாமே தேர்ந்துகொண்டனர். இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1955ஆம் ஆண்டிலேயே ஆப்பிரிக்க ஆய்வுக்கெனத் தனித்துறை கண்டது. அங்குச் சுவாகிலியும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. குசராத்தில் வாழும் சித்தி மக்கள் தம் ஆப்பிரிக்க மூதாதையரின் மொழியை இழந்துவிட்டனர். ஆனால் அவர்தம் ஆட்டத்துக்கு வழங்கும் ‘கோமா’ என்னும் பெயரில், முரசைக் குறிக்கும் ‘ஙோமா’ என்ற சுவாகிலிச் சொல் இன்றும் ஒலிக்கின்றது.

தமிழகத்தின் நிலை யாது? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2023ஆம் ஆண்டு சான்சிபாரில் தன் வளாகத்தைத் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே அத்தகைய கழகம் ஒன்று அமைந்தது அதுவே முதன்முறை. நாம் கற்பிக்கச் சென்றிருக்கும் தீவு, செந்தரச் சுவாகிலிக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட வழக்கின் தாயகம். நம்மவர் அங்கே கணினியியல் சொல்லித் தரட்டும். அங்கிருந்து எதனைக் கற்று வருவார்கள்?

இன்னொரு செய்தி நம்மை வெட்கமுறச் செய்வது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற திரூரோ என்னும் கப்பல் தர்பன் கரையை அடைந்தது. அதில் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் வழியிலும் அவர்களுக்குப் பின் சென்றோரின் வழியிலும் வந்த தமிழர் இன்றும் தென்னாப்பிரிக்காவில் உளர். அந்நாடு 1996ஆம் ஆண்டு இயற்றிய அரசியலமைப்பின் ஆறாம் பிரிவில், போற்றிப் பேண வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழின் பெயர் எழுதப்பட்டுள்ளது. ஆப்பிரிக்க நாடொன்றின் அடிப்படைச் சட்டத்தில் தமிழுக்கு இடம் உண்டு. தமிழகத்துத் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் ஆப்பிரிக்க மொழி ஒன்றின் பெயரை நாம் கண்டதில்லை.

பெயர் இல்லாமை ஒருபுறம் இருக்க, இருக்கும் பெயர் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். நம் அகராதிகளில் ஆப்பிரிக்கரைக் குறிக்கக் ‘காப்பிரி’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. இதன் மூலம் இறைமறுப்பாளரைக் குறிக்கும் அரபுச் சொல். அரபு வணிகர் வாயிலிருந்து போர்த்துக்கேயர் வாய்க்கும், அவர்களிடமிருந்து நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் இதன் ஆங்கில வடிவத்தை ஒருவர்மீது வீசுவது நீதிமன்றம் தண்டிக்கும் குற்றம். நம் ஊரிலோ சுருட்டை முடிக்காரரைக் கேலி செய்யவும் அச்சொல் வழங்குகின்றது. சீறாப்புராணத்தில் அபிசீனிய நாட்டுக்குத் தஞ்சம் புகுந்தோரைப் பற்றி ஒரு படலமே உண்டு. அடைக்கலம் தந்த மன்னரை உமறுப்புலவர் எத்துணை உயர்வாகப் படைத்தார் என்பதைப் பாடம் நடத்துகின்றோம். அதே நாளில் கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தில், அயற்கல்லூரியில் பயிலும் ஆப்பிரிக்க மாணவரைப் பார்த்து நம் மாணவர் எதனைச் சொல்கின்றனர் என்பது நம் காதில் விழுந்திருக்கின்றது. அவர்களுக்கு வீடு வாடகைக்குத் தரத் தயங்குவோரையும் அறிவோம்.

ஆகவே பாடம் தொடங்கும்போது, ‘ஆப்பிரிக்க மொழி’ என்று ஒருமையில் சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். அக்கண்டத்து மொழிகள் ஏறத்தாழ இரண்டாயிரம். எத்தியோப்பிய மாணவரிடம் சென்று சுவாகிலி கேட்டால் அவர் சிரிப்பார். அவருடைய அம்காரிக் மொழிக்குத் தனி எழுத்து உண்டு, நம் உயிர்மெய்யைப் போலவே ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு கூடி வடிவம் மாறும் எழுத்து. நைசீரியரிடம் கேட்டால் அவருக்கு யோருபாவோ அவுசாவோ இக்போவோ தெரிந்திருக்கும்.

வேலைவாய்ப்புக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பர். உண்மையைச் சொல்வதாயின், தொழிற்சாலைகள் சுவாகிலிச் சான்றிதழ் கேட்டு விளம்பரம் செய்து நாம் பார்த்ததில்லை. ஆங்கிலத்தால் கடிதம் எழுதிவிடலாம். ஆனால் பழுதுபார்க்கும் கூடத்தில் எண்ணெய்க் கையோடு நிற்பவரும், நீண்ட சாலையில் வண்டி ஓட்டுபவரும் ஆங்கிலத்தில் குறை சொல்வதில்லை. அவர்கள் சொல்வது ஒரகடத்துக்கு வந்து சேருமுன் இரண்டு மூன்று வாய் மாறிவிடுகின்றது.

நம் பழைய மாணவரின் கதைக்குத் திரும்புவோம். அவருடைய வேண்டுகோளின்பேரில், அண்மையிலுள்ள ஒரு கல்லூரியில் பயிலும் தன்சானிய மாணவர் ஒருவரைத் துறைக்கு அழைத்தோம். தாய்மொழி அறிந்தவர் எல்லாரும் ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. நமக்குத் தமிழ் தெரியும் என்பதற்காக நாம் முதல்நாளே வேற்றுமை உருபை விளக்கிவிட முடிந்ததா? எனவே அவர் பேச, நாம் கரும்பலகையில் இலக்கணம் எழுத, இருவருமாக நடத்துவது என்று முடிவு செய்தோம். வியாழன் மாலைகளில் ஒரு மணி நேரம். பதினொரு மாணவர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் நால்வர் ஒரகடம் சாலையிலிருந்து பணி முடிந்து வருவோர்.

முதல் நாள் அவர் வகுப்பறைச் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார். பிறகு, தமக்குக் கூலி எதுவும் வேண்டாம் என்றும், ஆறு மாதமாகப் பேருந்தில் ஏறும்போதெல்லாம் தாம் ஏற வேண்டிய ஊரின் பெயரைச் சொல்லி நடத்துநரிடம் சிரிப்பு வாங்குவதாகவும், அதற்கு மட்டும் ஒரு வழி செய்யுமாறும் கேட்டுக்கொண்டார். அவர் குடியிருப்பது சோழிங்கநல்லூரில். அடுத்த வியாழன் மாலை, ‘ஸா கும்மி நா மோஜா’வுக்கு, அதாவது ஐந்து மணிக்கு, ழகரத்திலிருந்து தொடங்க இருக்கின்றோம்.